திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்களுக்கு ஹேமர் ஃபிஸ்ட்

எங்கள் ஜிம்முக்குச் சாயங்காலம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கைதான் சோறு போடுகிறது. கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் லேத் ஓட்டுகிறவர்கள், பம்ப் கம்பெனியில் ஃபிட்டிங் பார்க்கிறவர்கள், வெட் கிரைண்டர் கம்பெனியில் கல் கொத்துகிற ஒருவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் திருப்பூரிலிருந்து பஸ் பிடித்து வரும் ஓவர்லாக் டெய்லர் ஒருவர். எல்லாருக்கும் எம்எம்ஏ, அதாவது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை நடக்கிற கூண்டுக்குள் ஒரு தடவையாவது இறங்கிப் பார்க்க ஆசை இருக்கிறது. ஆனால் மறுநாள் காலையில் மெஷின் முன்னால் நின்றாக வேண்டும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு ஒரு விரல் வீங்கினால் அந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தில் தெரிந்துவிடும்.

அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு ஹேமர் ஃபிஸ்ட்டை நான் சீக்கிரமே சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். பல இடங்களில் இதைத் தனியாக யாரும் கற்றுத்தருவதில்லை. ஜாப், கிராஸ், ஹூக் என்று குத்துகள் எல்லாம் மாசக்கணக்கில் நடக்கும். ஹேமர் ஃபிஸ்ட் மட்டும் "மேல உட்கார்ந்தா அடிச்சுக்கலாம்" என்று ஒரு வார்த்தையில் போய்விடும். பார்ப்பதற்கும் அதில் ஒரு கெத்து இல்லை. கையை மூடி, சுண்டு விரல் பக்கத்துச் சதையால் மேலிருந்து கீழே அடிப்பது, அவ்வளவுதான். "ஏனுங்கண்ணா, இது பாப்பா அழுதுட்டே அடிக்கறதாட்ட இருக்குதுங்களே" என்று ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பையன் கேட்டான். அவனையே மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் மேல் அடி வாங்குகிற தடித்த பேடைக் கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொல்லி, இடுப்பின் மேல் உட்கார்ந்து பேடில் நாலு அடி அடித்துக் காட்டினேன். பின்னால் மேட் இருப்பதால் அடியின் வேகம் போக வேறு இடம் இல்லை. நாலாவது அடிக்குள் "சரிங்கண்ணா, போதுங்கண்ணா" என்றான்.

நின்றுகொண்டு சண்டை போடும்போது அடி வாங்குகிறவரின் தலை பின்னால் போகிறது, கழுத்து கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. தரையில் அதெல்லாம் கிடையாது. தலைக்குப் பின்னால் மேட். அரை வேகத்தில் விழுகிற அடிகூட முழுசாக உள்ளே இறங்கும். இன்னொன்று, தரையில் கிடக்கிற ஆள் கொஞ்சம் விஷயம் தெரிந்தவராக இருந்தால் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு நெற்றியைத்தான் காட்டுவார். மண்டையிலேயே கெட்டியான இடம் அது. அங்கே விரல் முட்டியால் குத்துகிறவருக்குத்தான் நஷ்டம். சுண்டு விரலுக்கு நேர் கீழே உள்ளங்கைக்குள் ஓடுகிற எலும்புக்கு ஐந்தாவது மெட்டாகார்ப்பல் என்று பெயர். அதன் கழுத்துப் பகுதி மெலிசு. அது ஒடிவதைத்தான் பாக்ஸர்ஸ் ஃப்ராக்சர் என்கிறார்கள். பெயர்தான் பாக்ஸர், குத்தத் தெரியாமல் கோபத்தில் சுவரையும் பீரோவையும் குத்துகிறவர்களுக்கும் அதுதான் வரும். மாவுக்கட்டோ ஸ்ப்ளிண்ட்டோ போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

எம்எம்ஏ க்ளவுஸ் போட்டிருக்கிறோமே என்று நினைக்க வேண்டாம். பாக்ஸிங் போட்டிக்கு 8 அல்லது 10 அவுன்ஸ் க்ளவுஸ். எம்எம்ஏ-வில் 4 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 113 கிராம். பிடிப்பதற்காக விரல்கள் வெளியே இருக்கின்றன, பஞ்சு விரல் முட்டியின் மேல் மட்டும்தான். எம்எம்ஏ-வின் பெரிய போட்டி அமைப்பான யூஎஃப்சி 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் நடத்திய முதல் போட்டியில் அதுவும் கட்டாயம் இல்லை, 1997-ல்தான் கட்டாயமாக்கினார்கள். அந்த முதல் போட்டியில் ஆர்ட் ஜிம்மர்சன் என்ற பாக்ஸர் ஒரு கையில் மட்டும் பாக்ஸிங் க்ளவுஸ் போட்டுக்கொண்டு வந்து நின்றார். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். கை உடையக்கூடாது என்ற அவருடைய பயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சரி, கை விஷயத்துக்கு வருவோம். விரல்களை நுனியிலிருந்து சுருட்டி மூட வேண்டும். கட்டை விரல் வெளியே, ஆள்காட்டி விரல் நடு விரல்களின் மேல். சாதாரணக் குத்தில் முதல் இரண்டு முட்டியைப் பற்றிக் கவலைப்படுவோம். இதில் கவலை சுண்டு விரலைப் பற்றி. அது தளர்வாக இருந்தால் அடி விழும்போது மடங்கும். படவேண்டிய இடம் சுண்டு விரல் அடிக்கும் மணிக்கட்டுக் கோட்டுக்கும் நடுவில் இருக்கிற தடித்த சதை. கொஞ்சம் மேலே போனால் சுண்டு விரல் கணுவில் படும், கொஞ்சம் கீழே வந்தால் மணிக்கட்டின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பில் படும். ரெண்டுமே வலி.

எங்கே படுகிறது என்பது அடிக்கிறவருக்குச் சுலபத்தில் தெரியாது. நாங்கள் சாக்பீஸைப் பொடித்துக் கையின் அந்த ஓரத்தில் தடவிவிட்டு, தரையில் போட்ட கறுப்பு பேக்கில் அடிக்கச் சொல்வோம். சரியாக விழுந்தால் எலுமிச்சம்பழ அளவுக்கு அகலமான வெள்ளைத் தடம் விழும். ஒல்லியாக ஒரு கோடு மட்டும் விழுந்தால் கை அதிகமாகச் சாய்ந்திருக்கிறது, சுண்டு விரல்தான் வாங்குகிறது. ஒரு பொட்டு மாதிரி விழுந்தால் மணிக்கட்டு எலும்பு. லேத் ஓட்டுகிற பையன்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். பீஸை அளந்து பார்த்தே பழகிய கண் என்பதால் ரெண்டு தடத்தையும் ஒப்பிட்டு, நான் சொல்வதற்கு முன்பே கையைத் திருப்பிக்கொள்வார்கள்.

அடுத்தது உயரம். கராத்தே கற்றுவிட்டு வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் குறைக்க வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் ஸ்கூல் ஆண்டு விழா என்றால் கராத்தே மாஸ்டரின் பிள்ளைகள் மேடையில் ஓடு உடைக்காமல் இருக்கமாட்டார்கள். கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், ஒரு சத்தம் போட்டு, இறக்குவார்கள். ஓடு நகராது, திருப்பி அடிக்காது, கையைப் பிடிக்காது. அந்தப் பழக்கத்தோடு ஒருவர் மேல் உட்கார்ந்து கையைத் தலைக்கு மேலே தூக்கினால், கீழே இருக்கிறவருக்கு நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்கிறது. முஷ்டி காது உயரத்துக்குப் போனால் போதும். முழங்கை மடங்கியே இருக்கட்டும். கையை மட்டும் இறக்காமல் நெஞ்சையும் சேர்த்து இறக்க வேண்டும். உடம்பு எடை சேர்ந்து விழும்போது தோள் இறுக வேண்டிய அவசியமே இல்லை. தோள் இறுகினால் ஒரு நிமிஷத்தில் கை கல்லாகிவிடும், ஐந்து நிமிஷ ரவுண்டில் மீதி நேரத்துக்கு என்ன செய்வது? மூச்சை அடக்காமல் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் விட வேண்டும்.

இவ்வளவும் பேக்கில் நன்றாக வந்துவிடும். ஆள் மேல் வராது, ஏனென்றால் ஆள் சும்மா கிடக்கமாட்டார். ஹேமர் ஃபிஸ்ட்டில் முக்கால்வாசி வேலை அடிக்காத கையும் இடுப்பும்தான் செய்கின்றன என்பது என் கட்சி. இதை ஒத்துக்கொள்ளாத கோச்சுகள் உண்டு. முதலில் அளவாக அடித்தாலே இடம் தானாகக் கிடைக்கும் என்பார்கள். எடையில் பெரிய ஆட்களுக்கு அது சரியாக இருக்கலாம். 61 கிலோ, 65 கிலோ ஆட்களோடு நான் பார்த்த வரைக்கும், உட்காரும் இடம் சரியில்லாமல் அடிக்கப்போனவர்கள் பெரும்பாலும் அடுத்த அரை நிமிஷத்தில் கீழே கிடந்தார்கள்.

ரொம்பச் சிக்கலான இடம் கார்டு. கீழே மல்லாந்து இருக்கிறவர் ரெண்டு காலாலும் நம் இடுப்பைச் சுற்றிப் பூட்டி வைத்திருக்கும் நிலை. மேலே இருப்பதால் நாம்தான் ஜெயிக்கிறோம் என்று தோன்றும். ஜியு ஜிட்சு தெரிந்தவருக்கு அது அவருடைய வீடு. நாம் ஒரு கையை அடிக்கத் தூக்கினால் அந்தத் தோளுக்கு மேல் அவர் காலைப் போட்டு, ரெண்டு காலாலும் கழுத்தை இறுக்குகிற ட்ரையாங்கிள் பிடிப்பார். கையை அவர் நெஞ்சின் மேல் நீட்டி ஊன்றினால் ஆர்ம்பார், அதாவது முழங்கையை நீட்டி மடக்குகிற பூட்டு. ஆகவே வரிசை இப்படி: முதலில் முதுகு நிமிர வேண்டும், தலை அவர் கைக்கு எட்டக்கூடாது. முழங்கால் ரெண்டும் அகலம். ஒரு கையால் அவருடைய மேல்கையை, பைசெப்ஸ் இருக்கும் இடத்தில், மேட்டோடு அழுத்த வேண்டும். அழுத்திய பக்கத்து இடுப்பைத்தான் அவரால் தூக்கித் திருப்ப முடியாமல் போகிறது. அதற்குப் பிறகு மற்ற கையால் சின்னதாக ஒன்று, ரெண்டு. மூன்றாவதற்கு அவர் கை தடுக்க வரும். அப்போது நிறுத்திவிட்டு மறுபடி நிமிர வேண்டும். பேராசைப்பட்டு நாலாவது அடிக்கப் போகிறவர்களைத்தான் ட்ரையாங்கிள் பிடிக்கும்.

அடிக்கிற கை திரும்பி வருகிற வழியும் முக்கியம். நேர்க்குத்து முடிந்தபின் கை நீண்டிருக்கிறது, மணிக்கட்டைப் பிடிக்கச் சுலபம். ஹேமர் ஃபிஸ்ட்டில் முழங்கை நம் உடம்புப் பக்கமே இருப்பதால் பிடித்தாலும் இழுத்துக்கொள்ளலாம். நெருக்கத்தில் இடமில்லாதபோது இதைத் தேடுவதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஃபேக்டரியில் வேலை செய்கிற ஒரு பையனை பெங்களூரில் ஒரு அமெச்சூர் போட்டிக்குக் கூட்டிப்போயிருந்தோம். அமெச்சூரில் பெரும்பாலும் முழங்கையால் அடிக்க அனுமதி கிடையாது. தொழில்முறைச் சண்டையில் நெருக்கத்துக்கு முழங்கை இருக்கிறது. அமெச்சூரில் அந்த இடத்தை நிரப்ப ஹேமர் ஃபிஸ்ட்டை விட்டால் வேறு வழி அதிகம் இல்லை. ரெண்டாவது ரவுண்டில் இவன் எதிராளியைத் தூக்கிப் போட்டு ஹாஃப் கார்டில் (ஒரு காலை மட்டும் எதிராளி பூட்டியிருக்கும் நிலை) மேலே வந்தான். வந்தவுடன் பதற்றம். கை தலைக்கு மேலே போய்விட்டது. எதிராளி அந்தக் கேப்பில் அக்குளுக்குள் கையைவிட்டு இவனைக் கட்டிக்கொண்டான்.

"சின்ன அடிங்க தம்பி, சின்ன அடி! தலையை அவன் தாடைக்கு அடியில வைங்க!" என்று மூலையிலிருந்து கத்தினோம். கேட்டது. நெற்றியை எதிராளியின் தாடைக்குக் கீழே முட்டுக்கொடுத்து அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். அணைத்த கை கொஞ்சம் தளர்ந்தது. இடது கையால் எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து மேட்டில் அமுக்கினான். அப்புறம் வலது முஷ்டியில் கன்னத்தில் மூன்று அடி, ஒரு சாண் உயரத்திலிருந்து. பெரிய அடியே இல்லை. பார்வையாளர்கள் பக்கம் ஒரு சத்தமும் எழவில்லை. ஆனால் அடி விழுகிற கன்னத்தை மறைப்பதற்காக எதிராளி முகத்தை இன்னும் திருப்பினான், முகத்தோடு தோள், தோளோடு இடுப்பு. முதுகே இவனுக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் இவன் நாலாவது அடிக்கு முஷ்டியை எடுத்துவிட்டான், கீழே தெரிந்தது பின்மண்டை. முஷ்டி அந்தரத்தில் அப்படியே நின்றது. ரெஃபரியும் கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். முஷ்டியை விரித்து அந்தக் கையையே கழுத்துக்கு அடியில் நுழைத்தான். சோக், அதாவது கழுத்துப் பிடி, முழுசாக இறுகுவதற்குள் பெல் அடித்துவிட்டது. அந்த ரவுண்டு எங்களுக்கு. போட்டி என்னவோ அவர்களுக்குத்தான் போனது, அது வேறு கதை.

அடி அங்கே ஆளைச் சாய்க்கவில்லை, திரும்ப வைத்தது. ஹேமர் ஃபிஸ்ட்டை நம்பி நாக்அவுட் எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். ஏற்கெனவே ஆடிப்போன ஆளை முடிப்பதற்கு அது நல்ல அடி. 2008 நவம்பரில் யூஎஃப்சி-யில் பிராக் லெஸ்னர் ராண்டி கூட்டூரை ஒரு வலது கைக் குத்தில் கீழே தள்ளிவிட்டு, ரெஃபரி வரும் வரைக்கும் ஹேமர் ஃபிஸ்ட்டாகவே இறக்கினார். 2015 டிசம்பரில் கானர் மெக்ரிகர் ஜோஸே ஆல்டோவை 13 விநாடியில் வீழ்த்தியதும் அப்படித்தான்: வேலையை முடித்தது இடது கைக் குத்து, தரையில் ரெஃபரி உள்ளே வருவதற்குள் விழுந்தவை ஹேமர். விழுந்த ஆளிடம் ஓடிப்போய்ச் சேரும்போது மணிக்கட்டு நேராக இருக்கிறதா, முட்டி எங்கே படும் என்று பார்க்க நேரமில்லை. கோணம் கொஞ்சம் பிசகினாலும் கை சுலபத்தில் உடையாத அடி அந்த நேரத்தில் கைகொடுக்கிறது. மற்ற நேரங்களில் எதிராளியைக் கை மாற்ற வைக்க, முகம் திருப்ப வைக்க, காலைத் தளர்த்த வைக்க.

சும்மா தட்டிக்கொண்டே இருந்தால் பாயிண்ட் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாயிண்ட் போடுகிற நடுவர்கள் முதலில் பார்ப்பது அடியின் விளைவைத்தான், எண்ணிக்கையை இல்லை. ரெஃபரி பார்ப்பது வேறு: கீழே இருக்கிறவர் புத்தியோடு தற்காத்துக்கொள்கிறாரா, அல்லது சுருண்டு கிடந்து வாங்கிக்கொண்டே இருக்கிறாரா. இரண்டாவது என்றால் அடி லேசாக இருந்தாலும் நிறுத்திவிடுவார்.

விதிகளில் ஒன்றை மட்டும் எல்லாரையும் மனப்பாடமாகச் சொல்லவைப்பேன். உச்சந்தலையில் ஆரம்பித்துப் பின்மண்டை வழியாக மண்டை முடிகிற இடம் வரை, நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு அங்குலம், அதற்குக் கீழே பின்கழுத்து முழு அகலமும் தடை. முதுகுத்தண்டும் தொண்டையும் அதே மாதிரி. காதும் காதுக்குப் பின்பக்க ஓரமும் அனுமதிக்கப்பட்ட இடம், ஆனால் அந்த ஒரு அங்குல எல்லைக்குள்ளோ பின்கழுத்திலோ பட்டால் ஃபவுல். முட்டி போட்டுச் சுருண்ட ஆளை அடிக்கும்போதும், சிங்கிள் லெக், அதாவது நம் ஒற்றைக் காலைப் பிடித்துக் காலோடு தொங்குகிறவரை மேலிருந்து அடிக்கும்போதும் இந்த எல்லை ரொம்பச் சீக்கிரம் வந்துவிடும். சிங்கிள் லெக்கில் அவர் தலை நம் விலாப் பக்கம் இருக்கும். பக்கவாட்டிலிருந்து காதோரம் மட்டும்தான் குறி. அதுவும் முதலில் அவர் தலையை ஒரு கையால் கீழே தள்ளி, காலைப் பின்னால் போட்டுச் சமநிலை வந்தபிறகு. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே மொத்து மொத்தென்று மொத்துகிறவர்கள் அழகாகப் போய் விழுவார்கள்.

இதோடு முழங்கை விதியையும் பையன்கள் குழப்பிக்கொள்கிறார்கள். நேர் மேலிருந்து நேர் கீழாக, கடிகாரத்தில் 12-லிருந்து 6-க்கு இறங்குகிற முழங்கை ரொம்ப வருஷம் தடையில் இருந்தது. 2009 டிசம்பரில் யூஎஃப்சி-யில் மேட் ஹாமில்லுக்கு எதிராக ஜான் ஜோன்ஸ் தகுதி நீக்கம் ஆனது அதனால்தான். 2024-ல் பொது விதிகளிலிருந்து அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். ஹேமர் ஃபிஸ்ட் அதே பாதையில் இறங்கினாலும் அந்தத் தடை அதற்கு என்றைக்கும் பொருந்தியதில்லை. பாக்ஸிங்கில்தான் அது ஃபவுல். அங்கே க்ளவுஸின் முட்டிப் பகுதியால் அடித்தால் மட்டும் கணக்கு. பாக்ஸிங்கிலிருந்து வருகிறவர்களுக்குக் கை தயங்குவது இதனால்தான், ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும்.

நின்றுகொண்டு இதைப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கேஜ் ஓரமாக ஒட்டி நிற்கும்போது ஒன்றிரண்டு. அதற்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பெண்கள் பேட்ச்சில் மட்டும் இதை நின்ற நிலையிலும் சொல்லித்தருகிறேன். மணிக்கட்டு மெலிசாக இருக்கிறவர்களுக்கு நேர்க்குத்தில் கை மடங்கிவிடும் என்ற பயம் இருக்கும். இதில் அது கிடையாது. மேல்கையைப் பிடித்து இழுக்கிறவனின் மூக்கில் ஒன்று இறக்கிவிட்டு, ஆட்கள் இருக்கிற பக்கம் ஓடிவிட வேண்டும். நின்று பார்க்கவே கூடாது. "ஓடறதுக்கு என்னத்துக்கண்ணா கிளாஸ்?" என்று ஒரு அக்கா கேட்டார். ஓடுவதற்குத்தான் கிளாஸ் என்றேன். அவருக்கு அது அவ்வளவு திருப்தியாக இல்லை.

நம் நாட்டு அன்ஷுல் ஜூப்ளி 2023-ல் ரோட் டு யூஎஃப்சி என்ற தகுதிப் போட்டியை ஜெயித்தபிறகும், 2024-ல் பூஜா தோமர் யூஎஃப்சி-யில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் என்று செய்தி வந்தபிறகும் மேட்டுக்கு வருகிற கூட்டம் கூடியிருக்கிறது. சந்தோஷம். கூடவே வீடியோ பார்த்துவிட்டு வந்து ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) முதல் நாளே பார்ட்னர் முகத்தில் ஹேமர் இறக்குகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். எங்கள் மேட்டில் அது நடக்காது. முகத்தில் படும் ஹேமர் என்றால் தொடுவது மட்டும். வேகமாக அடிக்க வேண்டுமென்றால் நெஞ்சில் கட்டிப்பிடித்த பேட், அல்லது தரையில் போட்ட பேக். ஸ்பாரிங் க்ளவுஸில் பஞ்சு தடிமனாக இருந்தாலும் அது முட்டியின் மேல்தான். சுண்டு விரல் பக்கத்தில் தோலும் தையலும்தான். அடி வாங்குகிறவருக்குப் பஞ்சு உதவாது. மணிக்கட்டு வெல்க்ரோவின் ஓரம் வேறு ரம்பம் மாதிரி. ஒருத்தரின் புருவத்தில் அது இழுத்துவிட்ட கோட்டைப் பார்த்தபிறகு, ஸ்பாரிங்குக்கு முன் எல்லார் மணிக்கட்டிலும் வெல்க்ரோ மேல் ஒரு சுற்று டேப் ஒட்டாமல் விடுவதில்லை. போட்டிகளிலும் அப்படித்தான் ஒட்டுகிறார்கள். காதில் அடிப்பதையும் பயிற்சியில் தடை செய்திருக்கிறோம். செவிப்பறை போனால் கம்பெனி மெடிக்கலில் கேள்வி வரும். தலையில் பட்டபிறகு தலைவலி, வாந்தி, கண் மங்கல் என்றால் அன்றைக்கு வீட்டுக்குப் போக விடமாட்டோம், நேராக ஆஸ்பத்திரிதான்.

கைக்குப் பாதுகாப்பான அடி என்று இவ்வளவு சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. பம்ப் கம்பெனியில் அசெம்பிளியில் இருக்கிற ஒரு தம்பிக்கு மோதிர விரலும் சுண்டு விரலும் அடிக்கடி மரத்துப்போக ஆரம்பித்தது. காலையில் பைக் ஓட்டி வரும்போது அந்த ரெண்டு விரல் மட்டும் ஜில்லென்று இருக்கிறது என்றான். வேலையில் மோட்டார் கவர் சரியாக உட்காராவிட்டால் ரப்பர் சுத்தியலைத் தேடிப்போக மாட்டான். உள்ளங்கையின் அடியில், அதே சுண்டு விரல் பக்கத்துச் சதையால், நாலு தட்டுத் தட்டி உட்கார வைப்பான். நாள் முழுக்க. சாயங்காலம் இங்கே வந்து பேக்கில் மறுபடி அதே இடம்.

நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் அவனைக் கையை இறுக்கி மூடச் சொல்லி, மணிக்கட்டில் ரெண்டு பக்கமும் ஓடுகிற ரத்தக்குழாய்களைத் தன் கட்டை விரல்களால் அழுத்திப் பிடித்தார். கையைத் திறக்கச் சொன்னபோது உள்ளங்கை சோளமாவு நிறத்தில் வெளுத்திருந்தது. கட்டை விரல் பக்கம் அழுத்தியதை விட்டதும் சட்டென்று சிவந்தது. திரும்பவும் அதே மாதிரி பிடித்து, இந்த முறை சுண்டு விரல் பக்கத்தை மட்டும் விட்டார். வெளுப்பு அப்படியே இருந்தது. மெதுவாக, ரொம்ப மெதுவாகத்தான் நிறம் ஏறியது. அந்தச் சதைக்கு அடியில் கொக்கி மாதிரி ஒரு சின்ன எலும்பு இருக்கிறது, அதன் மேல்தான் அல்நார் என்ற ரத்தக்குழாய் போகிறது, வருஷக்கணக்கில் உள்ளங்கையைச் சுத்தியலாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு அது அடிபட்டு அடைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். ஹைப்போதீனர் ஹேமர் சிண்ட்ரோம் என்று பெயர். ஸ்கேன் எடுக்கச் சொன்னார், சிகரெட்டை விடச் சொன்னார், ரெண்டு இடத்திலும் அந்தக் கையால் தட்டுவதை நிறுத்தச் சொன்னார். இப்போது அவன் கிராப்ளிங், அதாவது அடி இல்லாத பிடிச் சண்டை மட்டும் பண்ணுகிறான், கம்பெனியில் ரப்பர் சுத்தியலைக் கயிறு கட்டி டேபிளிலேயே மாட்டிவிட்டான்.

அதனால் வாரம் பூராவும் பேக்கில் நூற்றுக்கணக்கில் ஹேமர் போட வேண்டியதில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாள், சில ரவுண்டுகள், மிதமான வேகம் போதும். வேலையில் உள்ளங்கையால் தட்டுகிற பழக்கம் இருக்கிறவர்கள் அதிலும் பாதி. படுகிற இடம் உள்ளங்கைப் பக்கம் திரும்பாமல் கையின் வெளி ஓரமாகவே இருக்கிறதா என்று சாக்பீஸில் பார்த்துக்கொள்ளலாம். தேங்காயில் அடித்துக் கையைக் கெட்டிப்படுத்தலாமா என்று வருஷத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். பொள்ளாச்சி பக்கத்திலேயே இருப்பதன் வினை. வேண்டாம். சதை சதையாக இருப்பதால்தான் அந்த இடத்தில் அடிக்கிறோம்.

கடைசியாக, கீழே கிடக்கிறவருக்கு. ஹேமர் விழ ஆரம்பித்ததும் எல்லாரும் செய்வது ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொள்வது. ரெஃபரி கண்ணில் அது தற்காப்பே இல்லை. முன்கை ரெண்டையும் நெற்றிக்கு முன்னால் கொண்டுவந்து, முழங்கைகளைச் சேர்த்து, அடி வருகிற கையின் மேல்பகுதியைத் தேடிப் பிடிக்க வேண்டும். பைசெப்ஸில் நம் கை ஒட்டிக்கொண்டால் அவர் முஷ்டிக்கு இறங்க தூரம் இருக்காது. முடிந்தால் அவர் கையை அக்குளில் மாட்டி நெஞ்சோடு இழுத்துக்கொள்ளலாம். ஒட்டிக்கிடக்கிற ஆளால் அடிக்க முடியாது. இடுப்பு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், ஒரு பக்கமாவது. முதுகைக் காட்டக்கூடாது, அது அடியை விட மோசம். அவர் கையைத் தூக்குகிற அந்த நேரம்தான் நம்முடைய நேரம்: எடை முழுவதும் ஒரு முழங்காலுக்கு மாறுகிறது, அந்தப் பக்கமாக இடுப்பைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும். எங்கள் மேட்டில் இதை ஜோடியாக, மேலே ஒருவர் தொட்டுத் தொட்டு அடிக்க, கீழே ஒருவர் இடுப்பை நகர்த்திக்கொண்டே பழகுகிறோம். முதல் சில வாரம் எல்லாரும் கீழே இருக்கிற பக்கத்தில்தான் ஆரம்பிப்பார்கள்.